வண்டி வராத தடம்: பிரெஞ்சுக் கிராமப்புறத்தின் சரளைப் பாதைகளை வாசித்தல்

1

சைக்கிள் பாதையைப் பற்றிக் கட்டுரையா, அதுவும் இந்த மாதிரிப் பக்கங்களிலா என்று நண்பர் ஒருவர் சிரித்தார். பிரதி என்பது அச்சடித்த தாள் மட்டுமல்ல என்று வருஷக்கணக்காகச் சொல்லி வருகிறோம். உடையை வாசித்தாயிற்று, உணவை வாசித்தாயிற்று, சினிமா சுவரொட்டியை வாசித்தாயிற்று. மண்ணின் மேல் நீளமாகக் கிடக்கும் ஒரு தடத்தை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்?

2023 கோடையில் துலூஸ் நகரத்தில் வேலை பார்க்கும் ஒரு நண்பரோடு ஏழு வாரம் தங்கியிருந்தேன். அவரிடம் இரண்டு சைக்கிள்கள் இருந்தன. சனி ஞாயிறுகளில் காரே வராத வழிகளாகப் பார்த்துப் போய்வருவது அவர் பழக்கம். நானும் கூடப் போனேன். தமிழ் எம்.ஏ. படித்த எனக்குச் சாலைப் பொறியியலும் தெரியாது, பிரெஞ்சுச் சட்டமும் தெரியாது. போய்வந்த பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டவற்றையும், அவை கிளப்பிய கேள்விகளையும் இங்கே எழுதுகிறேன். அப்படியொரு பயணம் போக நினைப்பவருக்கு வேண்டிய தகவல்களும் வழியில் வந்துவிடும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'கிராவல்' என்றால் நம்மூரில் லாரியில் வந்து இறங்கும் செம்மண். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்று அது ஒரு வகைச் சைக்கிளுக்கும் சவாரிக்கும் பெயர். பந்தயச் சைக்கிள் போலவே கைப்பிடி கீழ்நோக்கி வளைந்திருக்கும். டயர் மட்டும் 38 முதல் 50 மில்லிமீட்டர் வரை அகலமாக இருக்கும். காற்று கொஞ்சம் குறைவாக அடிப்பார்கள். ஏற்றத்தில் மெல்ல மிதிக்கத் தோதான கியர் இருக்கும். தார்ச்சாலை முடிந்து சரளையும் மண்ணும் தொடங்கும் இடத்தில் இறங்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற ஊரில் 2006இல் ஆரம்பித்த நெடுந்தூரப் பந்தயம் இதைப் பிரபலமாக்கிய நிகழ்ச்சிகளில் ஒன்று. 2022இல் சர்வதேசச் சைக்கிள் சங்கம் இதற்கென்று உலகப் போட்டியே தொடங்கிவிட்டது.

மொழிச் சுத்தத்துக்குப் பேர்போன பிரெஞ்சுக்காரர்களும் இந்த ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால் பொருள் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. சேந்த்-எத்தியென் நகரத்தில் வாழ்ந்த பால் த விவி (1853-1930) அகல டயரையும் பல கியர்களையும் வைத்துச் சைக்கிளை ஊர்சுற்றும் கருவியாக்கச் சொல்லி வாழ்நாளெல்லாம் எழுதியவர். 1903இல் தூர் த பிரான்ஸ் பந்தயம் தொடங்கியபோது அது ஓடிய சாலைகளும் கல்லும் புழுதியும்தான். 1913இல் எழேன் கிறிஸ்தோஃப் என்ற வீரர் பிரனே மலையிறக்கத்தில் முன்கவை உடைந்து, சைக்கிளைத் தோளில் சுமந்து இறங்கி, சேந்த்-மரி-த-காம்ப்பான் கிராமத்துக் கொல்லன் பட்டறையில் தானே அதை அடித்து ஒட்டவைத்தார். ஒரு பையன் துருத்தி ஊதிவிட்டான் என்பதற்காக, பிறர் உதவி பெற்றதாகச் சொல்லி அவருக்குத் தண்டம் போட்டார்கள். ரொலான் பார்த் 1957இல் வந்த தன் 'புராணங்கள்' நூலில் அந்தப் பந்தயத்தை ஒரு காவியமாக வாசித்தார். பந்தயம் காவியம் என்றால் அதற்கு வீரர்கள் வேண்டும், கூட்டம் வேண்டும். நான் பேச வந்தது கூட்டமே இல்லாத பாதையைப் பற்றி.

2

சுற்றுலாத் துண்டுப்பிரசுரங்களில் இந்தப் பாதைகளுக்கென்று ஒரு சொல்லாடல் இருக்கிறது: அமைதி, இயற்கை, தீண்டப்படாத கிராமம். கார் வராததையே அவை இயற்கையின் குணமாக ஆக்கிவிடுகின்றன. ஆனால் காட்டு மரம் முளைப்பதுபோல் எந்தப் பாதையும் முளைப்பதில்லை. வண்டி வராத ஒவ்வொரு தடத்திலும் ஒரு காலத்தில் ஏதோ ஒன்று வந்துபோய்க்கொண்டிருந்தது. அது நின்றதால்தான் தடம் காலியாயிற்று. என்ன வந்தது, ஏன் நின்றது, இப்போது அந்த மண் யாருடையது என்று மூன்று கேள்விகளைப் போட்டால் பிரெஞ்சுக் கிராமப்புறத்தின் சரளைப் பாதைகள் ஏறக்குறைய நான்கு வகைகளாகப் பிரிந்து நிற்கும்: கால்வாய்க் கரை, செத்துப்போன ரயில் தடம், காட்டுத் தடம், ஊர்வழி.

தமிழில் 'ஆறு' என்ற சொல்லுக்கு வழி என்றும் பொருள் உண்டு. கால்வாய்க் கரையில் சைக்கிள் விடும்போது அந்த இரண்டு பொருளும் ஒட்டிக்கொள்கின்றன. எஞ்சின் வருவதற்கு முன் படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தார்கள், மனிதர்களும் குதிரைகளும். அதற்காகப் போட்ட இழுபாதைதான் இன்றைய சைக்கிள் பாதை. தண்ணீர் சமமாக நிற்க வேண்டும் என்பதால் பாதையும் சமமாக ஓடும். படகை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டு வரும் இடத்தில் மட்டும் ஒரு சின்ன மேடு.

துலூஸிலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் போகும் கனால் து மிதி கால்வாய் 240 கிலோமீட்டர். பியேர்-பால் ரிக்கே என்ற உப்புவரி வசூல்காரரின் திட்டம் அது. 1666இல் அரசாணை வந்தது, 1681இல் திறந்தார்கள். திறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் ரிக்கே செத்துப்போனார். வேலை மும்முரமாக நடந்த காலத்தில் 12,000 பேர் வரை வெட்டினார்கள். அவர்களில் கணிசமானோர் பெண்கள். பிரனே மலைக் கிராமங்களில் ஓடைநீரைச் சரிவு பார்த்துத் திருப்பிப் பழகிய பெண்களின் கையறிவு அந்தக் கால்வாய்க்குள் இருக்கிறது என்று சந்திரா முகர்ஜி என்ற சமூகவியலாளர் 2009இல் வெளிவந்த தன் நூலில் வாதிடுகிறார். சிலை ரிக்கேவுக்குத்தான் இருக்கிறது.

சைக்கிள்காரருக்கு நடைமுறைச் சேதி: துலூஸிலிருந்து நொரூஸ் பக்கம் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தார் போட்டிருக்கிறது. அதைத் தாண்டினால் மண்ணும் சரளையும், இடையிடையே பிளேன் மரத்தின் வேர்களும். அந்த மரங்களைப் பார்க்கிறவர்கள் சீக்கிரம் பார்த்துக்கொள்ள வேண்டும். 2006இல் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பூஞ்சை நோய்க்காக ஆயிரக்கணக்கில் வெட்டிவிட்டு வேறு இனங்களை நட்டுவருகிறார்கள். நிழல் திடீரென்று அறுந்துபோகும் இடங்கள் அப்படி வந்தவை.

எனக்குப் பெரிய கால்வாயைவிட அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் சின்ன வாய்க்கால் பிடித்துப்போயிற்று. கறுப்பு மலை என்று பெயர் கொண்ட மலையின் நீரை நொரூஸ் மேட்டுக்கு இழுத்து வரும் இந்த வாய்க்காலின் கரையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தடம் கார் இல்லாமல் கிடக்கிறது. நொரூஸில் தண்ணீர் இரண்டாகப் பிரிகிறது: ஒரு பாதி அட்லாண்டிக் பக்கம், மறு பாதி மத்தியதரைக் கடல் பக்கம். வயல் மேட்டை ஒட்டி வளைந்து வளைந்து வரும் அந்தத் தடத்தின் ஒவ்வொரு வளைவும் ஒரு சரிவுக் கணக்கு. முகர்ஜியைப் பிறகு படித்தபோது ஞாபகத்துக்கு வந்தவை அந்த வளைவுகள்தான்.

வடமேற்கே பிரித்தானி மாநிலத்தில் நாந்த்-பிரெஸ்ட் கால்வாய் 364 கிலோமீட்டர். பெரும்பாலும் கெட்டித்த சரளைக் கரை. இந்த வகைச் சவாரிக்கு இதைவிடத் தோதான நீள்தடம் பிரான்சில் குறைவு. ஆங்கிலேயக் கப்பல்கள் பிரெஸ்ட் துறைமுகத்தைக் கடல் பக்கம் மறித்ததால் உள்நாட்டு நீர்வழி வேண்டும் என்று நெப்போலியன் காலத்தில் தொடங்கிய ராணுவத் திட்டம் அது. 1842இல் முடிந்தபோது போர் முடிந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. நடுவே க்ளொமெல் என்ற இடத்தில் மேட்டைப் பிளந்து வெட்டிய மூன்று கிலோமீட்டர் பள்ளம் வருகிறது. ஆழம் சில இடங்களில் 23 மீட்டர். 1823 முதல் 1832 வரை பிரெஸ்ட் கைதிக்கூடத்துக் கைதிகள் வெட்டியது. இன்றைக்கு அங்கே இரண்டு பக்கமும் பச்சை மூடி, குளிர்ச்சியாக, பறவைச் சத்தத்தோடு இருக்கும். 'தீண்டப்படாத இயற்கை' என்ற பிரசுரச் சொல்லுக்கு இதைவிட நல்ல மறுப்பு வேண்டியதில்லை.

அதே கால்வாயை 1930இல் முடிந்த கெர்லெதான் அணை இரண்டாகத் துண்டித்தது. பதினேழு நீர்ப்பூட்டுகள் ஏரிக்கடியில் போயின. சைக்கிளில் போகிறவர் ஏரியைச் சுற்றித்தான் போக வேண்டும். 2015இல் பராமரிப்புக்காக ஏரியை வடித்தபோது அவை சேற்றிலிருந்து எழுந்து நின்றன, ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு அதன் மேலேயே எழுதிய ஏட்டைப் பற்றிக் கோட்பாட்டு நூல்களில் படித்திருக்கிறோம். இங்கே சுரண்டியது தண்ணீர்.

3

ரயில் தடத்துக்கு வருவோம். 1879இல் பொதுப்பணி அமைச்சர் ஃப்ரெசினே கொண்டுவந்த சட்டம் உட்கோட்டத் தலைநகரங்களை எல்லாம் ரயிலால் இணைக்கத் திட்டமிட்டது: 181 தடங்கள், ஏறக்குறைய 8,700 கிலோமீட்டர். 1870இல் ஜெர்மனியிடம் தோற்ற குடியரசு தன் கிராமங்களைத் தலைநகரத்தோடு சேர்த்துக் கட்ட விரும்பியது. சாலை, ரயில், பள்ளிக்கூடம், பட்டாளம் இவை சேர்ந்துதான் குடியானவரைப் பிரெஞ்சுக்காரராக ஆக்கின என்று யூஜென் வெபர் 1976இல் எழுதினார். ஆக, ரயிலில் போனது தானியமும் கம்பளியும் மட்டுமல்ல. பிரெஞ்சு மொழியும் போனது, செய்தித்தாள் போனது, கட்டாய ராணுவச் சேவைக்கான ஆள் போனான். திரும்பி வராதவர்கள் பெயர்கள் ஒவ்வொரு ஊர்ச் சதுக்கத்திலும் கல்லில் இருக்கின்றன.

பிறகு பஸ்ஸும் காரும் வந்தன. 1938இல் தேசிய ரயில் நிறுவனம் உருவானதிலிருந்து கிளைத்தடங்கள் வரிசையாக மூடப்பட்டன. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்த பின் மிஞ்சியது ஜல்லி மேடையும், பாலமும், குகையும், ஸ்டேஷன் கட்டடமும். பர்கண்டிப் பகுதியில் கிவ்ரிக்கும் க்ளுனிக்கும் நடுவே 44 கிலோமீட்டர் தடத்தை 1997இல் சைக்கிளுக்குத் திறந்தார்கள். பிரான்சின் முதல் 'பச்சை வழி' என்று அதைச் சொல்கிறார்கள். பின்னர் அது க்ளுனியிலிருந்து தெற்கே மாக்கோன் பக்கம் நீண்டது, நடுவில் 1.6 கிலோமீட்டர் குகை. குளிர்காலத்தில் அங்கே வௌவால்கள் தூங்குவதால் குகையை மூடிவிடுவார்கள். மனிதர் சுற்றித்தான் போக வேண்டும். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது.

2004 செப்டம்பரில் 'பச்சை வழி' என்ற சொல் சாலை விதித்தொகுப்பில் இடம்பெற்றது: மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும், நடப்பவர்களுக்கும், குதிரையில் போகிறவர்களுக்கும் மட்டுமான சாலை என்று வரையறுத்தார்கள். எல்லாப் பச்சை வழியும் சரளை என்று நினைத்துவிடக் கூடாது. கிவ்ரி-க்ளுனி தார் போட்டது. சரளை வேண்டுமானால் தெற்கே பெதாரியூவிலிருந்து மஸமே வரை 75 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் பாஸாபைஸ் பாதைக்குப் போகலாம். கெட்டித்த மண்ணும் பொடிச்சரளையும், குகைகளும் பாலங்களும். ரயில் எஞ்சினுக்குச் செங்குத்து ஏறத் தெரியாது, அதனால் மலைநாட்டிலும் சரிவு மென்மையாகத்தான் இருக்கும். இதுவரை சைக்கிள் பழக்கமில்லாதவர் தொடங்க வேண்டிய இடம் இதுதான் என்பேன்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பச்சை வழியில் போகும்போது பக்கத்தில், சில சமயம் நூறு மீட்டர் தள்ளி, மாவட்டச் சாலை இரைந்துகொண்டே வருகிறது. ரயிலில் போயிருக்க வேண்டிய ஆட்களும் சரக்கும் அதில் போகின்றன. 'வண்டி வராத பாதை'யும் 'வண்டிகள் நெரியும் சாலை'யும் எதிரெதிர் என்று இருமையாக அடுக்கிவிடுவது சுலபம். இரண்டும் ஒரே முடிவின் இரண்டு விளைவுகள். ரயிலை நிறுத்திய கை ஒரு பக்கம் அமைதியையும் இன்னொரு பக்கம் இரைச்சலையும் பங்கு பிரித்தது. கார் ஓட்ட முடியாத கிழவிக்கு அந்த அமைதியால் என்ன பிரயோஜனம்? அவள் மருத்துவரிடம் போக வேண்டிய ஸ்டேஷன் இன்று அழகான திரைச்சீலை போட்ட விடுதி.

4

மூன்றாவது, காட்டுத் தடம். தென்மேற்கே லாந்து பகுதியில் ஏறக்குறைய 10 லட்சம் ஹெக்டேர் பைன் காடு இருக்கிறது. வரைபடத்தைப் பார்த்தால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி நேர்நேரான தடங்கள். இதையும் இயற்கை என்றுதான் விற்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அது பெரும்பாலும் தண்ணீர் தேங்கிய பொது மேய்ச்சல் வெளி. இடையர்கள் பொய்க்கால் கட்டி நடந்து ஆடு மேய்த்தார்கள். 1857 ஜூன் 19ஆம் தேதிச் சட்டம் ஊர்ப் பொதுநிலத்தை வடித்து மரம் வைக்கச் சொல்லி ஊர்களைக் கட்டாயப்படுத்தியது. செலவுக்குப் பணமில்லாத ஊர்கள் நிலத்தை விற்றன. மேய்ச்சல் போயிற்று, இடையர் போனார்கள், பொய்க்கால் திருவிழா ஆட்டமாக மிஞ்சியது. 'வெளியின் உற்பத்தி' என்று 1974இல் ஒரு நூலையே எழுதிய ஆன்ரி லெஃபெவ்ர் 1901இல் பிறந்தது இதே லாந்து மாவட்டத்தில். வெளி என்பது காலிப் பாத்திரமல்ல, அது உற்பத்தி செய்யப்படுவது என்ற வாதத்துக்கு அவர் ரொம்ப தூரம் போக வேண்டியிருந்திருக்காது.

இந்தக் காட்டின் பல தடங்கள் தீத் தடுப்புக்காகப் போட்டவை. தீயணைப்பு வண்டி போவதற்கானவை. 1949 ஆகஸ்ட் தீயில் 82 பேர் செத்தார்கள். 2022 ஜூலையில் இரண்டு இடங்களில் மூண்ட தீ 20,000 ஹெக்டேருக்கு மேல் எரித்தது. கடும் கோடையில் மாவட்ட நிர்வாகம் காட்டுக்குள் போகவே தடை போடும், சைக்கிளுக்கும் சேர்த்து. காட்டின் பெரும்பகுதி தனியாருடையது. எனவே முனையில் பலகை என்ன சொல்கிறதோ அதைக் கேட்டு நடக்க வேண்டும். மணலில் சக்கரம் புதையும். மழை பெய்த மறுநாள் மணல் இறுகியிருக்கும்போது போவது நல்லது. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் வேட்டை நடக்கும். 'வேட்டை நடக்கிறது' என்ற பலகையைக் கண்டால் திரும்பிவிடுங்கள், வீரம் வேண்டாம்.

5

நான்காவது வகையை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். ஊர்வழி என்று நான் சொல்வது வயலுக்கும், ஆலைக்கும், கோயிலுக்கும், அடுத்த ஊருக்கும் வண்டியும் மாடும் மனிதரும் போய்ப் போய் உண்டான தடங்கள். பெயர்ப்பலகை கிடையாது, பிரசுரம் கிடையாது. தேசிய நிலவரைபட நிறுவனத்தின் 1:25,000 வரைபடத்தில் மெல்லிய இரட்டைக் கோடாகவோ விட்டுவிட்டு வரும் ஒற்றைக் கோடாகவோ தெரியும். இரட்டைக்கோடு என்றால் டிராக்டர் போகும், டயர் தாங்கும். ஒற்றைக்கோடு என்றால் இறங்கித் தள்ள மனசைத் தயார் பண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

பிரெஞ்சுச் சட்டத்தில் இந்தத் தடங்களின் நிலை விசித்திரமானது. பொதுச் சாலை அரசின் பொதுச்சொத்து. அதை விற்க முடியாது. ஊர்வழி அப்படியல்ல. அது ஊராட்சியின் தனிச்சொத்து. ஆனால் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டது. பொதுமக்கள் பயன்படுத்தவில்லை என்றால் பொது விசாரணை நடத்தி ஊராட்சி அதை விற்றுவிடலாம். பக்கத்து வயல்காரர் முப்பது வருஷம் உழுது அனுபவித்து யாரும் கேட்காவிட்டால் அவருக்கே உரிமையாகிவிடவும் வழியுண்டு. 2022 பிப்ரவரிச் சட்டம் ஒன்று, ஊர்வழிகளைக் கணக்கெடுக்க ஊராட்சி முடிவு செய்தால் இந்த முப்பது வருஷக் கடிகாரத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க இடம் கொடுக்கிறது. நடைவழிகளுக்கான மாவட்டத் திட்டங்கள் 1983இலிருந்து இருக்கின்றன. அதில் பதிவான வழியை விற்றால் மாற்று வழி கொடுத்தாக வேண்டும். பதிவாகாதது போனால் போனதுதான்.

ஆனால் அதே சட்டத்தொகுப்பு இன்னொன்றும் சொல்கிறது: ஒரு தடத்தில் பொதுவாகவும் திரும்பத் திரும்பவும் போக்குவரத்து இருந்தால் அது பொதுப் பயன்பாட்டில் இருப்பதாகக் கொள்ளலாம். அதாவது போகிறவர்கள் இருக்கும்வரை அது வழி. போகிறவர்கள் நின்றால் அது நிலம்.

இதைப் படித்தபோது எனக்கு மொழியியல் வகுப்பு ஞாபகம் வந்தது. நகரத்துக்கு நடை எப்படியோ மொழிக்குப் பேச்சு அப்படி என்று மிஷெல் த செர்த்தோ 1980இல் எழுதினார். அவரே 1975இல் வேறு இருவரோடு சேர்ந்து, புரட்சிக் காலத்தில் வட்டார மொழிகளை ஒழிக்க வேண்டும் என்று அறிக்கை வைத்த கிரெகுவார் பாதிரியாரைப் பற்றியும் ஒரு நூல் எழுதியிருக்கிறார். இந்த இரண்டு நூல்களையும் நான் தனித்தனியாகத்தான் வைத்திருந்தேன். பிரித்தானியின் ஊர்வழி அவற்றைச் சேர்த்துவிட்டது. அங்கே மண்தடத்துக்குப் பிரெத்தோன் மொழியில் 'ரிபின்' என்று பெயர், பன்மையில் 'ரிபினு'. லானிலிஸ் என்ற ஊரை மையமாக வைத்து 1984இலிருந்து த்ரோ ப்ரோ லெயோன் என்ற பந்தயம் இந்தத் தடங்களில் நடக்கிறது. அது தொடங்கியது பிரெத்தோன் மொழிவழிப் பள்ளிகளான திவான் பள்ளிகளுக்குப் பணம் திரட்ட. முதலில் வரும் பிரெத்தோன்காரருக்குப் பன்றிக்குட்டி பரிசு. பள்ளிக்கூடத்தில் பேசினால் அவமானப்படுத்தப்பட்ட மொழியைக் காப்பாற்ற, ஒதுக்கித் தள்ளிய தடங்களில் சைக்கிள் விட்டார்கள். எந்தக் கோட்பாட்டாளரும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு துண்டு நிலங்களை ஒன்றுசேர்க்கும் திட்டம் நாடு முழுக்க நடந்தது. டிராக்டர் திரும்பப் பெரிய வயல் வேண்டும். 1950இலிருந்து பிரான்சின் வேலியோர மரவரிசைகளில் 70 சதவிகிதம் போய்விட்டதாகக் கணக்கு. வேலியோடு வேலியை ஒட்டிக் கிடந்த தடமும் போயிற்று. அதனால் கையிலிருக்கும் வரைபடத்தை முழுக்க நம்பக் கூடாது. அது சில இடங்களில் நினைவுச்சின்னம்.

அப்படி ஒன்றை நான் பார்த்தேன். வாய்க்கால் கரையிலிருந்து லொரகே மேட்டுநிலத்து ஊர் ஒன்றுக்குக் கோடு போகிறது என்று நண்பர் காட்டினார். ஒரு கிலோமீட்டர் போனதும் தடம் சூரியகாந்தி வயலுக்குள் முடிந்துவிட்டது. அந்தப் பக்கம் மேட்டில் மறுபடி தொடங்குவது தெரிகிறது. நடுவில் முந்நூறு மீட்டர் காணோம். பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் வயசான அம்மா ஒருவர் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நண்பர் விசாரித்து எனக்குச் சொன்னார்: சின்ன வயசில் அவர் பள்ளிக்கூடம் போன வழியாம் அது. பள்ளி மூடிய பிறகு போக ஆளில்லை. வயல்காரர் வருஷத்துக்கு ஒரு சால் உள்ளே தள்ளி உழுதார். ஊராட்சியில் சொன்னதற்கு, அங்கே யார் போகிறார்கள் என்று கேட்டார்களாம். வயல்காரரும் கெட்டவரில்லை என்று அந்த அம்மாவே சொன்னார். டீசலும் உரமும் விற்கிற விலையில் ஒரு சால் நிலமும் கணக்குத்தான்.

6

கடைசியாக, யார் போகிறார்கள் என்ற கேள்வி. 1936இல் மக்கள் முன்னணி அரசு இரண்டு வாரச் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்தபோது தொழிலாளர் குடும்பங்கள் சைக்கிளிலும் இருவர் மிதிக்கும் சைக்கிளிலும் கிராமங்களுக்கும் கடற்கரைக்கும் கிளம்பின. சைக்கிள் அன்று உழைப்பவரின் வண்டி. இன்று கிராவல் சைக்கிள் என்று கடையில் நிற்பவற்றில் பலவும் உழைப்பவர் கைக்கு எட்டாத விலை. நகரத்து மத்தியதர வர்க்கம் வாரக்கடைசியில் கிராமத்தின் வெறுமையை நுகர வருகிறது என்று ஒரு விமர்சனம் எழுதலாம். அது பொய்யுமல்ல. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

ஆனால் அதோடு நிறுத்தினால் வாசிப்பு பாதியில் நின்றுவிடும். கால்வாய்க்குக் காவலாக ஒரு நிர்வாகம் இருக்கிறது, பச்சை வழிக்கு மாவட்டம் இருக்கிறது, காட்டுக்கு உடைமையாளர் இருக்கிறார். ஊர்வழிக்குப் போகிறவரைத் தவிர வேறு காவல் இல்லை. நுகர்வதும் காப்பதும் அங்கே ஒரே காரியமாகிவிடுகிறது. விசித்திரம்தான், ஆனாலும் அப்படித்தான். அதனால் பிரான்ஸ் போகிறவர்களிடம் நான் சொல்வது: விலையுயர்ந்த சைக்கிள் வேண்டாம்; 40 மில்லிமீட்டர் டயர் ஏறுகிற எதுவும் போதும். பல பிராந்திய ரயில்களில் சைக்கிளை ஏற்றலாம். கோடையில் முன்பதிவு தேவையா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் பெரும்பாலும் குழாய் இருக்கும். குடிக்கத் தகாத நீர் என்ற பலகை தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் பிடிக்கலாம். நடப்பவருக்கு வழி விடுங்கள். குதிரைக்கு முன் நின்றுவிடுங்கள். ஓரிரு நாள் பச்சை வழியில் கால் பழகியதும், வரைபடத்தைப் பிரித்து, பெயரில்லாத கோடு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

அன்று நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். வயல் ஓரமாக, பயிரை மிதிக்காமல், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முந்நூறு மீட்டரையும் நடந்து கடந்தோம். அந்த அம்மா வேலிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மேலே போய்த் திரும்பிப் பார்த்தபோது கையை ஆட்டினார். ஒரு தரம் போனால் அது 'திரும்பத் திரும்ப' ஆகாது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நண்பருக்கும் எழுதினேன். அவர் இப்போது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வழியாகப் போய்வருகிறாராம். போன வசந்தத்தில் வேறு நாலு பேரையும் கூட்டிப்போனாராம். வயலில் இந்த முறை கோதுமையாம். ஓரத்தில் ஒரு டயர் அகலத்துக்குப் புல் படுத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார்.